சட்டைப் பையில் ஒரு மீன்

சாப்பாட்டு மேஜை யாருக்கு என்ற வழக்கு போன வாரம் தீர்ப்பில்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. வழக்கைத் தொடுத்தவள் ஜெயக்கொடி. ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், வீட்டுக்கு மூத்தவள். எதிர்த்தரப்பு அவளுடைய தம்பி மனைவி எவாஞ்சலின். சிவகாசியில் தொடக்கப் பள்ளி டீச்சர், எட்டு வயது ஜெனிஷாவுக்கு அம்மா. வழக்குக்குக் காரணம், மேஜையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு நிற்கும் தையல் மெஷின்.

தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டிய ஜெயசுந்தர், தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவன் போர்மேன். அங்கே அத்தனை பேரையும் ஒரு பார்வையில் நிறுத்துகிறவன், வீட்டில் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாயே திறப்பதில்லை.

புதன்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. வருகிறவர்கள் பார்க்கும்படி இருக்க வேண்டுமே என்று ஜெயக்கொடி மேஜையை ஒழித்தாள். கூட்டம் கலைந்த கையோடு மெஷின் மறுபடி ஏறிவிட்டது. இரண்டு பெண்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. சமாதானம் வந்துவிட்டதாக யாரும் நினைக்கவும் இல்லை.

இத்தனைக்கும் எவாஞ்சலின் தைப்பது ஒரே ஒரு போர்வை. ஜெனிஷாவின் கட்டிலுக்கு. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, நடுவில் பழைய காட்டன் சேலையை மடித்து வைத்து, மேலே நண்டு, படகு, சங்கு எல்லாம் ஒட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். மழை வந்தால் வேலை கெடும் என்று வானத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஊரில், குழந்தை கடல் வேண்டும் என்று கேட்டிருந்தது.

அவளுக்குத் தைக்க நேரம் கிடையாது. பள்ளிக்கூடம், சமையல், வீட்டுப்பாடம், துவைத்த துணி. குக்கர் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் ஓரம் மடிப்பாள். ஜெனிஷா வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது குண்டூசி குத்துவாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கைப்பையிலிருந்து ஒரு சங்கு வெளியே வரும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கிடைக்கிற கொஞ்ச நேரம் மெஷினுக்கு. மெஷின் ஓடுகிற சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்தச் சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாள் முழுக்க அடுத்தவர்களுக்குக் காது கொடுத்தவள், அந்தக் கொஞ்ச நேரத்தில் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

பட்டாசுக்காரர் வீட்டில் தைப்பதற்கு ஒரு முறை உண்டு. நைலான், பாலியஸ்டர் உரசினால் மின்சாரம் பிறக்கும். பட்டாசு மருந்துக்கு ஒரு பொறி போதும். அதனால் ஆலைக்குள் பருத்தித் துணி மட்டும்தான். எவாஞ்சலின் டெய்லர் கடையிலிருந்து கழிவுத் துண்டுகள் வாங்கி வந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டுவாள். சாம்பலானால் பருத்தி, மஞ்சள் பைக்குள் போகும். உருகி மணியாக உருண்டால் ஜவுளிக்கடைப் பைக்குள் போகும். ஜவுளிக்கடைப் பையில் உள்ளது வீட்டுக்கு மட்டும். மஞ்சள் பையில் உள்ளதை எதில் வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம்.

சனிக்கிழமை காலை, ஜெயசுந்தர் வேலைக்குக் கிளம்பும்போது வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"என்னது இது?"

"மீன்" என்றாள் எவாஞ்சலின், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"மீன்னு தெரியுது. என் பாக்கெட்டுல எதுக்கு?"

"பைக் சாவி மாட்டிக் கிழிஞ்சிருந்துச்சுல்ல. சும்மா ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும்னு..."

"நான் போர்மேனா, பால்வாடி டீச்சரா?"

அதற்குள் ஜெனிஷா பல் தேய்த்த நுரையோடு ஓடிவந்தாள். "அப்பா, படம் நான்தான் வரைஞ்சேன். அம்மா தச்சாங்க. கண்ணு எங்க வைக்கணும்னுகூட நான்தான் சொன்னேன்."

நல்ல மீன்தான். நீலத்தில் லேசான பளபளப்பு. வால் பையின் ஓரத்தைத் தாண்டி கொஞ்சம் வெளியே துடுக்காக நீண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் இல்லாததால், அயர்ன் பண்ண வழியில்லாமல் ஓரத்தை நகத்தால் கீறி மடித்து, கையாலேயே தைத்திருந்தாள். தையல் வெளியே தெரியவில்லை. அந்தப் போர்வையில் இருக்கிற எதையும்விட இது நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றியிருந்தது.

மற்ற இரண்டு காட்டன் சட்டைகளும் வாளியில் நனைந்துகொண்டிருந்தன. மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு" என்றான் ஜெயசுந்தர். போட்டுக்கொண்டு, பையைக் கையால் மறைத்தபடியே பைக்கில் ஏறினான்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. சீருடைகளைத் தேய்த்து முடித்ததும் எவாஞ்சலினுக்கு ஒரு யோசனை வந்தது. அயர்ன் பாக்ஸ் சூடாக இருக்கிறது, ஜெனிஷா அமைதியாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள், சோறு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. மீனுக்கு வெட்டியது போக மிச்சம் இருந்த நீலத் துணியில் நாலு அலை வெட்டிவிடலாம். சுருக்கம் எடுப்பதற்காக அதை விரித்து, அயர்ன் பாக்ஸை வைத்தாள்.

துணி சுருண்டது. அயர்ன் பாக்ஸைத் தூக்கினால் அதுவும் கூடவே வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம்.

அயர்ன் பாக்ஸின் ப்ளக்கைப் பிடுங்கினாள். பிறகு கருகாத ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். நூல் எரியவில்லை. உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி உருண்டு நின்றது.

மஞ்சள் பையிலிருந்துதான் எடுத்திருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போன் அடித்தாள். போகாது என்று தெரிந்தேதான் அடித்தாள். ஆலைக்குள் போகிற யாருடைய போனும் வாசலில் உள்ள பெட்டியில்தான் கிடக்கும், போர்மேனுடையதும் சேர்த்து. கம்பெனி அலுவலக எண்ணும் அடித்து அடித்து ஓய்ந்தது.

நைட் டூட்டி முடித்து, கடைக்குப் போய்விட்டு, காய்கறிப் பையோடு ஜெயக்கொடி அப்போதுதான் படியேறினாள்.

"மைனி, அவுக சட்டையில நான் வச்சுத் தச்ச மீனு காட்டன் இல்ல."

ஜெயக்கொடி செருப்பைக் கழற்றவில்லை. "எந்தப் பையில இருந்து எடுத்த?"

"மஞ்சப் பையில இருந்துதான். நான் எரிச்சுப் பாக்காம அதுல ஒரு துண்டு போட மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

ஜெயக்கொடி வேறு எதுவும் கேட்கவில்லை. காய்கறிப் பையை நடுவீட்டில் போட்டுவிட்டு, கைப்பைக்குள் போட்டிருந்த ஸ்கூட்டர் சாவியைத் திரும்ப எடுத்தாள்.

"ஏறு."

"ஜெனிஷா..."

"பொன்னுத்தங்கம் வீட்டுல விடு. பிள்ளைய அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாது."

அடுத்த வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு எவாஞ்சலின் ஓடி வந்தபோது ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். வேறு நாளாக இருந்தால் நைட்டியோடு தெருவில் இறங்குவதற்கே மைனி ஒரு மணி நேரம் பேசியிருப்பாள்.

அச்சகங்களைத் தாண்டி, காலண்டர் ஏற்றிய வண்டிகளைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கேட் மூடியிருந்தது. ஜெயக்கொடி ஹார்ன் அடித்தாள். கேட்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

ஜெயக்கொடி தீக்காய வார்டில் பருத்தி எரிந்த உடம்பையும் பார்த்திருக்கிறாள், பாலியஸ்டர் உருகி ஒட்டிய உடம்பையும் பார்த்திருக்கிறாள். அந்த வித்தியாசத்தைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று பின்னால் இருந்தவளுக்குத் தெரியாது. ஹாண்டில் பாரைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. கேட் மூடியிருப்பதையே மறந்ததுபோல அது ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தது. ஊசி போடுகிற கை நிதானம் இழந்து எவாஞ்சலின் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்குப் பயம் இரண்டு பங்காயிற்று.

தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. எவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, அவுகளுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா, மெஷினக் கோயிலுக்குக் குடுத்திருதேன். இனி அதத் தொட மாட்டேன். இது பொருத்தனை."

வாய்விட்டுத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. மைனிக்குக் கேட்டதா இல்லையா என்பதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை.

கேட் திறந்தது. புதுப்பட்டி ரோட்டில் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. வானத்தில் எங்கேயாவது புகை தெரிகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே போனார்கள். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் அது. அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. அதையும் நம்ப முடியவில்லை.

ஆலையின் கம்பி வேலி வந்தது. வேலிக்கு வெளியே ஒரு கருவேல மரம். மரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. பையில் நீல மீன்.

வண்டி நிற்பதற்கு முன்னால் எவாஞ்சலின் குதித்துவிட்டாள். குதித்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.  "மைனி, நீங்க பாருங்க" என்றாள்.

ஜெயக்கொடி போய்ச் சட்டையை எடுத்தாள். காலரைப் பார்த்தாள், கையைப் புரட்டினாள், உள்பக்கத்தைத் திருப்பினாள். நோயாளியைப் பார்ப்பதுபோலப் பதறாமல் வரிசையாகப் பார்த்தாள். கரி இல்லை, கறை இல்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, முகர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ போட்ட சோப்பு வாடைதான் அடிக்குது."

வாட்ச்மேன் அய்யாதுரை கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "என்ன சிஸ்டரு, டீச்சரம்மாவும் வந்துருக்காக?"

"தம்பி எங்க?" என்றாள் ஜெயக்கொடி.

"உள்ளதான் இருக்காரு. வரச் சொல்லவா?"

"சட்டை எதுக்கு இங்கன தொங்குது?"

அய்யாதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அதொண்ணுமில்ல சிஸ்டரு. காலையில கேட்டுல நின்னு எல்லாரையும் செக் பண்ணிக்கிட்டு இருந்தாரா, பொம்பளையாளுக மீனப் பாத்துருச்சுக. மாரிசெல்வின்னு ஒரு பிள்ளை, 'அண்ணே, கொளம்புக்கு எம்புட்டு?'ன்னு கேட்டுருச்சு. அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாக. மனுசனுக்கு ரோசம் வந்துருச்சு. கேட்டத் தாண்டுறதுக்கு முந்தியே களட்டி மரத்துல மாட்டிட்டு, என்ட்ட இருந்த காட்டன் காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு உள்ள போனாரு."

எவாஞ்சலின் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிழைத்தான். அவள் தைத்ததிலேயே நன்றாக வந்த ஒன்றைப் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டதால் பிழைத்தான். அவளுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லவும் வேண்டியிருந்தது, புருஷன் மேல் கோபமும் வந்தது. இரண்டும் ஒரே மூச்சில் வந்ததால் அழுகைதான் மிஞ்சியது. அழுதாள்.

ஜெயசுந்தர் வெளியே வந்தான். வாட்ச்மேனின் காக்கி, தோளில் இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது.

"என்ன எவா? பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை நல்லாருக்கு." அய்யாதுரை விலகிப் போகும்வரை பொறுத்திருந்து, தணிந்த குரலில் சொன்னாள். அயர்ன் பாக்ஸ், உருகிய நூல், பாலியஸ்டர்.

அவன் அக்கா கையில் இருந்த சட்டையைப் பார்த்தான். பிறகு திரும்பி, வேப்பமரங்களுக்குக் கீழே தள்ளித் தள்ளி நின்ற ஷெட்டுகளைப் பார்த்தான். ஒவ்வொரு ஷெட்டிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். காலையில் முதல் வேலையாக அவன் நின்றது மருந்து கலக்குகிற ரூமில்.

"இத வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றான். "சாயங்காலம் பேசிக்கிருவோம்."

ஜெயக்கொடி சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள்.

சாயங்காலம் ஜெயசுந்தர் காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தபோது, வீட்டில் சண்டைக்கான எல்லா ஏற்பாடும் தயாராக இருந்தது. சண்டை வரவில்லை. முதலில் வந்தது ஜெனிஷா.

"அப்பா, மீனப் பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாக."

"என்ன சொன்னாங்க?"

ஜெயசுந்தர் மனைவியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "கொளம்பு வைக்கக் கேட்டாக."

குழந்தைக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது. சொல்லிக்காட்டுவதற்காகப் பொன்னுத்தங்கம் வீட்டுக்கு ஓடினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஜெயசுந்தரே ஆரம்பித்தான். "நான் என்ன துணின்னு தெரிஞ்சு களட்டல எவா. வெக்கப்பட்டுத்தான் களட்டுனேன். கேட்டுல நின்னுக்கிட்டு ஊராளுக துணியெல்லாம் காட்டனா, காட்டனான்னு கேக்குறேன். என் பாக்கெட்ட நான் தொட்டுப் பாக்கல. நீ தச்சதுன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"அதான் தப்பாப் போச்சே."

"போனது போகட்டும். மெஷினு இருக்கட்டும். இனி என் சட்டையில மட்டும் படம் போடாத."

அது அவன் வாயிலிருந்து வந்த முதல் தீர்ப்பு. வந்த நேரம்தான் சரியில்லை.

"மெஷினு இருக்காது" என்றாள் எவாஞ்சலின். "கோயிலுக்குக் குடுக்கேன்னு பொருத்தனை பண்ணிட்டேன்."

ஜெயசுந்தரின் கை தட்டில் நின்றது. ஆண்டவரிடம் சொல்லிவிட்ட வாக்கு அந்த வீட்டில் விளையாட்டில்லை. அவன் சிறுவனாகக் காய்ச்சலில் கிடந்தபோது அவனுடைய அப்பா ஒரு பொருத்தனை செய்தார். அவன் எழுந்து நடந்த வாரமே, கறந்துகொண்டிருந்த பசுவைக் கன்றோடு கொண்டுபோய்க் கோயில் வளாகத்தில் கட்டிவிட்டு வந்தார். அதிலிருந்து அந்த வீட்டுக்குக் கடைப்பால்தான். 

எவாஞ்சலின் கை கழுவிவிட்டு வந்து மெஷினின் நூலைக் கழற்றினாள். ஊசியை எடுத்தாள். அடியில் சேர்ந்திருந்த பஞ்சைத் துடைத்தாள். பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. கையெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. முகத்தைத்தான் யாருக்கும் காட்டவில்லை. பாதிக் கடலோடு நின்றுபோன போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தபோது மட்டும் கொஞ்ச நேரம் அதன்மேல் கை இருந்தது.

ஜெயக்கொடி தன் அறையிலிருந்து வந்தாள். மத்தியானம் தூங்கவில்லை என்று கண் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி லீவு சொல்லியிருந்தாள். அது அவள் செய்கிற காரியமே இல்லை.

"நீ மஞ்சப் பையில இருந்துதான் எடுத்துருக்க. அதுல போட்டது நான்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஜெபக்கூட்டத்தன்னைக்கு மேஜைய ஒளிக்கையில ரெண்டு பையும் கண்ணுக்கு அசிங்கமா இருந்துச்சு. எல்லாம் கந்தத் துணிதானன்னு ஒண்ணாக் கொட்டி அமுக்கிட்டேன்."

ஜெயசுந்தர் நிமிர்ந்து பார்த்தான். எவாஞ்சலின் பார்க்கவில்லை.

"தெரியும் மைனி."

"எப்பத் தெரியும்?"

"காலையில எந்தப் பைன்னு கேட்டீக. மஞ்சப் பைன்னு சொன்ன உடனே வேற ஒண்ணும் கேக்காமச் சாவிய எடுத்தீகள்ல, அப்பவே."

"பிறகு ஏன் இவன்ட்டச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

தீக்காய வார்டில் அழாதவள் இங்கேயும் அழவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ரயில்வே கேட்டுல நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

"கேக்காட்டாலும் சொன்னது சொன்னதுதான், மைனி."

"இரு. நானும் அங்கன ஒண்ணு சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ள சொன்னதால உனக்குக் கேக்கல."

"என்ன சொன்னீக?"

"நான் பண்ணுன காரியத்துக்கு என் தம்பி உசுரு போயிரக் கூடாது ஆண்டவரேன்னேன். அவன் முழுசா வந்து நின்னாம்னா, உன் மெஷினு இந்த மேஜைய விட்டு இறங்காது, இறங்க விடமாட்டேன்னு சொன்னேன். நானும் பொருத்தனைன்னுதான் சொன்னேன்."

 ஒரே ஸ்கூட்டரில் முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியுமாக உட்கார்ந்து, ஒரே ஆளுக்காக, ஒரே ஆண்டவரிடம், ஒன்றுக்கொன்று நேர் எதிராக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் இருவர் கேட்டதையும் செய்துவிட்டார்.

ஜெயசுந்தர் மெதுவாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்தான்.

"ஏலே, எங்க போற? உக்காரு" என்றாள் அக்கா.

உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "யாரு முதல்ல சொன்னது?" என்று கேட்டான்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரயில் போய்க்கிட்டு இருந்துச்சு" என்றாள் எவாஞ்சலின். "யாருக்குத் தெரியும்?"

"நாளைக்கு ஆராதனை முடியவும் போதகரய்யாட்டக் கேப்போம்" என்றாள் ஜெயக்கொடி. கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் மஞ்சள் பையை எடுத்து மேஜைமேல் கொட்டினாள். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து குவியலாக விழுந்தது. மேலே கிடந்த ஒரு பச்சைத் துண்டிலிருந்து நகத்தால் நூலை உருவினாள். "தீப்பெட்டி எங்க இருக்கு? மெஷினு போனாலும் இருந்தாலும் இதப் பிரிச்சாகணும்."

எவாஞ்சலின் தீப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நின்றாள்.

"மைனி..."

"என்ன?"

"மத்தியானமே நான் போதகரய்யா வீட்டம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். பெண்கள் ஐக்கியத்துல தையல் வகுப்பு தொடங்கணும்னு ரொம்ப நாளா நினைச்சாகளாம். அவுகளுக்கு அம்புட்டுச் சந்தோசம். காலையில ஆராதனைக்கு முன்னாடியே வண்டியோட ஆள் அனுப்புறாக."

ஜெயக்கொடி கிழித்த குச்சி விரல்வரை எரிந்து வந்தது. ஊதி அணைத்தாள். எழுந்து, பாதி பெட்டிக்குள் போயிருந்த மெஷினை இரண்டு கையாலும் வெளியே தூக்கி, மேஜையின் நடுவில் வைத்தாள். தன் நாற்காலியை அதற்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வரட்டும்" என்றாள். "மேஜைய விட்டு எவன் இறக்குறான்னு பாப்போம்."